படத்துக்குப் பின்னால் ஒரு வரி

பிப்ரவரி 2, திங்கள்

இன்றிலிருந்து எனக்குக் குப்பை அள்ளும் வேலை. உதயசங்கர் அப்படிச் சொல்லவில்லை. அவர் மேனேஜர், "ஒழுங்குபடுத்துதல்" என்றார்.

எங்கள் கம்பெனி பார்சல் சர்வீஸ்களுக்கு மென்பொருள் செய்கிறது. சேலத்தில் மூட்டை ஏற்றுவதிலிருந்து மதுரையில் இறக்குவது வரை புக்கிங், ரசீது, கோடவுன், டெலிவரி எல்லாம் அதில் அடக்கம். புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் ஒரு பட்டனை அமுக்குவார், பிரவுசரில் உதவிப் பக்கம் திறக்கும். அந்தப் பக்கங்களை எழுதுவது நான். எனக்கு முன்னால் எழுதியவள் தெரஸ். கல்யாணமாகிக் கனடா போய்விட்டாள். பந்தி முடிந்த இலை மாதிரி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

பக்கங்கள்கூடப் பரவாயில்லை. அவற்றோடு வரும் துணைக் கோப்புகள்தான் கொடுமை. படங்கள், எழுத்துருக்கள், நிறம் கொடுக்கும் கோப்புகள், தேடலை ஓட்டும் கோப்புகள், எல்லாம் ஒரே ஃபோல்டரில். படங்கள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டும். அவள் வைத்த பெயர்களைப் படித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒன்றின் பெயர் "மூட்டை-குறைஞ்சா-மேல-வலது-ஓரம்-சிவப்பு-பட்டன்". இன்னொன்று "ரசீது-ரத்து-பண்ண-கீழ-ரெண்டாவது-கட்டம்-அப்புறம்-சரி". இது பெயரா, வழி சொல்வதா?

வீட்டுக்கு வந்ததும் சமையலறை டப்பாக்களை இறக்கி உயரவாரியாக அடுக்கினேன். தனியாக இருப்பதில் இது ஒரு வசதி. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும்.

பிப்ரவரி 4, புதன்

என் மேஜையை இரண்டாம் மாடிக்கு, வாடிக்கையாளர் போன் பேசும் ஆட்களுக்கு நடுவில் மாற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் முபீனா. அந்தப் பக்கம் ஞானசம்பந்தம் சார். அவருக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒரு காதில், புக்கிங் ஆபீஸ்காரர்களின் கத்தல் மறு காதில். இரண்டையும் கேட்டுக்கொண்டே பொறுமையாக வழி சொல்கிறார். முன்பு ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாராம்.

அவர் இன்னும் ப்ரொபேஷனில் இருக்கிறார். மார்ச் கடைசியில் முடிவு. ஒரு போன் காலுக்குச் சராசரி ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுப்பவரை உறுதி செய்யமாட்டார்கள். சுவரில் ஒரு டிவி, அதில் எல்லார் பெயரும் நிமிடமும். ஐந்தைத் தாண்டினால் பெயர் சிவப்பாகும். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் சிவப்பாகித்தான் வீட்டுக்குப் போனார்களாம். சம்பந்தம் சார் பெயர் பச்சையாக இருக்கிறது.

"புதுசா வந்திருக்கறது யாருங்க?" என்றார்.

"மங்கையர்க்கரசி. ஹெல்ப் எழுதறேன்."

"ஓ, அந்தப் பக்கத்தையெல்லாம் நீங்கதான் எழுதறீங்களா? ரொம்ப நாளா உங்களத்தான் தேடிட்டிருந்தேன். 'பெறுநர்'னு எழுதியிருக்கீங்களே, அது யாருன்னு தினமும் பத்துப் பேர் கேக்கறாங்க."

'சரக்கு வாங்குபவர்' என்று மாற்றிவிட்டேன். அவர் கேட்டதற்காக இல்லை. எனக்கே அது உறுத்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

எழுத்துருக்கள் தனி ஃபோல்டர். நிறக் கோப்புகள் தனி ஃபோல்டர். வீட்டு மோட்டார் ரிப்பேர், வாளியில் குளியல்.

பிப்ரவரி 10, செவ்வாய்

படங்களுக்கு நம்பர் போட முடிவு செய்தேன். படம்-0001 என்று ஆரம்பித்துக் கடைசி வரை. ஒரு சின்ன புரோகிராம் எழுதினால் பெயரும் மாறும், பக்கங்களில் உள்ள லிங்க்குகளும் சேர்ந்து மாறும். உதயசங்கர் திரையைப் பார்த்து, "இப்பதாங்க மேடம் இது கம்பெனி ஃபோல்டர் மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பார்க்கவே வயிறு குளிர்ந்தது.

டீ நேரத்தில் சம்பந்தம் சார் கேட்டார்: "படத்துப் பேரையெல்லாம் மாத்தறீங்களாமே மேடம்?"

"ஆமா சார். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார். டீ ஆறிவிட்டது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

புதுப் பதிப்பு வெளியானது. ஒரு லிங்க்கூட உடையவில்லை. உதயசங்கர் லட்டு வரவழைத்து எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். சம்பந்தம் சாரும் கை தட்டினார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சம்பந்தம் சார் பெயர் சிவப்பாகிவிட்டது. ஆறரை நிமிடம். ஆள் கொஞ்சம் அசந்துவிட்டார் போல. கிண்டலும் குறைந்துவிட்டது. எனக்கென்ன, என் வேலை எனக்கு.

ஜன்னல் பக்கம் ஏசி நேராக அடிக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் அவர் மேஜைப் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று காதில் விழுந்தது. சங்ககிரி புக்கிங் ஆபீஸிலிருந்து கால். பத்து மூட்டை ஏற்றி ஒன்பதுதான் இறங்கியிருக்கிறது, குறைவை எங்கே பதிவது என்று கேட்கிறார். நான் இங்கே வந்த வாரம் இதே கேள்விக்குச் சம்பந்தம் சார் கண் இமைக்கும் நேரத்தில் பதில் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று திணறினார்.

"உங்க ஸ்கிரீன்ல என்னென்ன பட்டன் இருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

எதிர்முனை கத்தியது எனக்கே கேட்டது. "உனக்குத் தெரியும்னுதானேய்யா போன் பண்றேன். என்னையே கேட்டா?"

அவர் அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு முபீனாவை மெல்லக் கூப்பிட்டார். அவள் தன் அழைப்பை விட்டுவிட்டு எழுந்து வந்து பார்த்துச் சொன்னாள். இருவர் பெயரும் சிவப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்று எழுதத் தெரியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

உதயசங்கர் லிஃப்ட்டில், "சம்பந்தம் நல்ல மனுஷன்தாங்க. ஆனா மார்ச்சோட அனுப்பற மாதிரிதான் இருக்கும்" என்றார். மதியம் போய்க் கேட்டுவிட்டேன்.

"என்ன சார் ஆச்சு உங்களுக்கு? நான் வந்த புதுசுல நல்லாத்தானே இருந்தீங்க?"

அவர் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மாட்டிக்கொண்டேன். மூட்டைக் குறைவுப் பக்கத்தைத் திறந்து கீழே நகர்த்தினார். இயந்திரக் குரல் நான் எழுதிய வாக்கியத்தைப் படித்தது: "கீழே உள்ள படத்தில் காட்டியபடி செய்யவும்." அடுத்து படம் வந்தது. "லிங்க், படம் பூஜ்யம் நான்கு ஒன்று இரண்டு." அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது.

"முன்னாடி என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

"மூட்டை குறைஞ்சா மேல வலது ஓரம் சிவப்பு பட்டன்" என்றார். "வெள்ளைக்காரன் தமிழ் படிக்கற மாதிரிதான் சொல்லும். பழகிட்டா புரிஞ்சுரும்."

எங்கள் உதவிப் பக்கங்களில் எல்லாப் படமும் சின்னதாக இருக்கும், தொட்டால் பெரிதாகும். அதனால் ஒவ்வொரு படமும் ஒரு லிங்க். லிங்க்கில் வேறு விவரம் இல்லாவிட்டால் அவருடைய மென்பொருள் கோப்பின் பெயரைப் படிக்கும். தெரஸ் வைத்த அந்த நீளப் பெயர்கள்தான் அவருக்குப் படம். ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் நான் ஒரே மதியத்தில் அழித்துவிட்டு லட்டு தின்றிருக்கிறேன்.

பிப்ரவரி 25, புதன்

அவமானமாக இருக்கிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

தெரஸுக்கு வாட்ஸப்பில் கேட்டேன், அவருக்காகத்தான் அப்படிப் பெயர் வைத்தாயா என்று. இன்று மதியம் பதில் வந்தது. "யாரு அது சம்பந்தம்? நான் போனப்புறம் வந்தவரா? எனக்கு மறதி ஜாஸ்திடி. ஃபைலைத் திறக்காமலே உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்னுதான் அப்படி வச்சேன்." கூடவே பனியில் நிற்கும் போட்டோ.

ஆக, அவள் மறதியால் ஒருவர் பிழைத்தார். என் ஒழுங்கால் அவருக்கு வேலை போகப் போகிறது.

பிப்ரவரி 26, வியாழன்

சண்டை போட்டேன். "அன்னைக்கு டீ குடிக்கும்போதே சொல்லியிருக்கலாமில்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவர் நிதானமாகத்தான் சொன்னார். "ஹோட்டல்ல புது எக்ஸ்சேஞ்ச் வச்சாங்க. எல்லாம் தொடுதிரை. இதுல எனக்கு வேலை செய்ய முடியல, கொஞ்சம் மாத்திக் குடுங்கன்னு நானேதான் போய்ச் சொன்னேன். சொன்னதுக்கு ரொம்ப நன்றின்னாங்க. மறுவாரம் அனுப்பிட்டாங்க. மெஷினு புதுசு, வெலை ஜாஸ்தி. ஆளை மாத்தறது சுலபமில்லைங்களா?"

"எல்லாரும் அந்த ஹோட்டல்காரங்க மாதிரியா?"

"உங்களுக்கு அப்ப என்னைத் தெரியாதே. எனக்கும் உங்களைத் தெரியாது."

கோபம் போய்விட்டது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முயன்றேன், கிடைக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

உதயசங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பெயர்களுக்கே திரும்பலாம் என்றேன். முடியாது என்றார். பல பார்சல் சர்வீஸ்காரர்கள் தங்கள் சொந்தப் பக்கங்களில் எங்கள் புதுப் படங்களுக்கு லிங்க் கொடுத்துவிட்டார்களாம், மறுபடி பெயர் மாற்றினால் எல்லாம் உடையும். அது நியாயம்தான்.

முறையான வழி வேறு இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி விவரம் எழுதி வைக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அவருடையதைப் போன்ற மென்பொருள் மட்டும் எடுத்துப் படிக்கும். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. தெரஸும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"மார்ச் பாதிக்குள்ள முடிங்க, பாக்கலாம்" என்றார். "ஆனா கணக்கு கணக்குதாங்க மேடம். பிப்ரவரியும் அதுல வரும்."

மார்ச் 2, திங்கள்

முதல் நாள் எழுதியதை அவரைக் கேட்கச் சொன்னேன். தெரஸின் பழைய பெயர்கள் பேக்கப்பில் கிடைத்தன. பாதி இப்போதைய திரைக்குப் பொருந்தவில்லை, அதனால் புதிதாகவே எழுதினேன். பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். அவர் மனம் நோகக்கூடாது என்று நிறங்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

"நல்லா இருக்குங்க மேடம்" என்றார். "செவப்பு, பச்சை எல்லாம் எங்க போச்சு?"

"அது... உங்களுக்கு..."

அவர் சிரித்தார். பிப்ரவரி பத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தார். "எனக்கு எதுக்குங்க செவப்பு? சங்ககிரிக்காரருக்கு வேணும். அவருக்குக் கண்ணு தெரியும், பட்டன் பேரு தெரியாது. செவப்பு பட்டனை அமுக்குங்கன்னு நான் சொன்னாத்தான் அவரு அமுக்குவாரு."

மொத்தமும் திரும்ப எழுத வேண்டும். என் நாசூக்கை உடைப்பில் போட.

மார்ச் 5, வியாழன்

எழுதினேன். எழுதினேன். எழுதினேன். கண் எரிகிறது என்று அவரிடம் புலம்பிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எனக்கு காது எரியுது, சரிக்குச் சரி" என்றார்.

மார்ச் 9, திங்கள்

இப்போது முறை இதுதான். நான் காலையில் எழுதுவேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் சோதனைப் பதிப்பைக் கேட்டுத் திருத்தம் சொல்வார். "நீளம்." "இது எந்த மூலைன்னு தெரியல." "இதை அமுக்கினா என்ன வரும்னு சொல்லுங்க, முன்கூட்டியே நான் போன் பண்றவர்கிட்ட சொல்லிருவேன்." ஒருமுறை, "இது அருமை, கை வைக்காதீங்க."

அந்த ஒன்றை நான் நாலு தடவை திறந்து படித்தேன்.

நான் இரண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறேன். ஒருவருக்குச் சமைத்தால் எப்படியும் மிஞ்சுகிறது. இன்று கத்தரிக்காய் காரக்குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல் என்றார். தூக்கல்தான்.

மார்ச் 13, வெள்ளி

முடிந்தது. கடைசிப் படம் கோடவுன் சாவிப் பதிவு. புதுப் பதிப்பு மாலையில் வெளியானது. இந்தத் தடவை லட்டு இல்லை, திரையில் எதுவும் மாறியதாக யாருக்கும் தெரியவில்லை. முபீனா மட்டும், "அக்கா, ரெண்டு வாரமா அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்றாள்.

மார்ச் 18, புதன்

சம்பந்தம் பச்சை. நாலேகால் நிமிடம். சங்ககிரிக்காரர் மறுபடி கூப்பிட்டார், இந்தத் தடவை வேறு சந்தேகம். சம்பந்தம் பாதிக் கேள்வியிலேயே, "இடது பக்கம், மஞ்சக் கட்டத்துக்குக் கீழ, கறுப்பு எழுத்து. அமுக்குனா ஒரு சின்னப் பொட்டி வரும், பயப்படாதீங்க" என்றார். எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "வந்துருச்சுங்க" என்று கேட்டது. நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

உதயசங்கர் கூப்பிட்டார். மார்ச் அருமை, ஆனால் பிப்ரவரியையும் சேர்த்தால் சராசரி ஐந்தைத் தாண்டுகிறது. மேலே இருப்பவர்களுக்குக் காரணம் எழுத்தில் வேண்டுமாம்.

"காரணம் உதவிப் பதிப்பில் நடந்த தவறு, அதுக்குப் பொறுப்பு நீங்கன்னு எழுதிக் குடுத்தா பிப்ரவரியை ஒதுக்கிருவாங்க. ஆனா மேடம், அது உங்க வருஷ மதிப்பீட்டுல ஏறும். சீனியர் பதவி இந்த வருஷம் உங்களுக்குத்தான்னு இருந்துச்சு. நல்லா யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். அவர் மேஜையிலிருந்து என் மேஜைக்கு வரும் வரைக்கும். ஐந்து வருடமாக அந்தப் பதவிக்குக் காத்திருக்கிறேன், ஆசை இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆசை இருந்தது. உட்கார்ந்து எழுதி, பிழை திருத்தி, அனுப்பினேன்.

சம்பந்தத்திடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 31, செவ்வாய்

ஒன்றும் தெரியவில்லை. மேலிடம் பதில் போடவில்லையாம். சம்பந்தம் நாள் முழுக்க ஒழுங்காக வேலை பார்த்தார். போகும்போது மேஜை இழுப்பறையைக் காலி செய்து பைக்குள் வைத்துக்கொண்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். மாலை டப்பாக்களை மறுபடி அடுக்கப் போனேன், கை ஓடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

உறுதி செய்துவிட்டார்கள். உதயசங்கர் காலையில் வந்து சொன்னபோது சம்பந்தம் நம்பவில்லை. "தேதி என்னன்னு எனக்கும் தெரியும் சார்" என்றார். முபீனா கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு பையைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து இழுப்பறையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். தும்மல் என்று சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

முபீனா உளறியிருக்கிறாள். சீனியர் பதவி கீழ்மாடி ஆள் ஒருவருக்குப் போனதையும் ஏன் போனது என்பதையும் சொல்லிவிட்டாளாம்.

சாப்பாடு முடிந்து சம்பந்தம் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு எங்கிட்ட சண்டை போட்டீங்களே, சொல்லியிருக்கலாமில்லன்னு. நீங்க மட்டும் சொன்னீங்களா, மங்கை?"

மேடத்தைக் காணவில்லை. நான் தேடவும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

உதவித் தளத்தில் 'எங்கள் குழு' என்று ஒரு பக்கம் உண்டு. நிரந்தர ஊழியர்களின் படம் மட்டும்தான் அதில் வரும். சம்பந்தம் சேர்ந்துவிட்டதால் புதுப் படம் எடுத்தார்கள். உயரப்படி பார்த்தால் நான் முபீனா பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கூட்டம் நெருக்கியதில் சம்பந்தம் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. ஆறு பேருக்கு அவ்வளவு நெருக்கடி.

ஏப்ரல் 8, புதன்

படம் வந்தது. எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் இல்லை. எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது படத்தில் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது. வேறு படம் இருக்கிறதா என்று கேட்டேன், மற்றதில் உதயசங்கர் கண்ணை மூடியிருக்கிறாராம்.

விவரம் எழுதியாக வேண்டும். எல்லாப் படத்துக்கும் உண்டு என்று விதி போட்டவளே நான்தான். எழுதினேன்: "உதவிக் குழுவினர் ஆறு பேர். நடுவில் ஞானசம்பந்தம், நீலக் கட்டம் போட்ட சட்டை, சிரிக்கிறார். அவர் இடப்பக்கம் மங்கையர்க்கரசி, பச்சைப் புடவை, கேமராவைப் பார்க்கவில்லை." மற்றவர்களையும் எழுதிச் சோதனைப் பதிப்பில் ஏற்றினேன்.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னார்: "விவரம் பாதிதான் இருக்கு."

"எதுல?"

"பச்சைப் புடவை கட்டின அம்மா கேமராவைப் பாக்கல. சரி. அப்ப எங்க பாக்கறாங்க?"

முபீனா பக்கத்திலேயே இருந்தாள். பார்த்துவிட்டுத் திருத்துகிறேன் என்றேன். "அவசரமில்லைங்க" என்றார். அவர் காது சிவந்திருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் போனதும் திருத்தினேன். "கேமராவைப் பார்க்கவில்லை" என்பதற்குப் பிறகு "சம்பந்தத்தையே பார்க்கிறார்" என்று சேர்த்தேன். நான் எழுதிய விவரங்களிலேயே இதுதான் சரியானது, நீளமும் இல்லை. சோதனைப் பதிப்பில் ஏற்றவில்லை, நேராக வெளியீட்டில் வைத்துவிட்டேன். மாலை வரை நாலு முறை அதைத் திறந்தேன், எடுக்கவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு வெளியாகும். எல்லாப் பார்சல் ஆபீஸ்களுக்கும் போய்ச் சேரும். பார்ப்பவர்கள் ஆறு பேர் நிற்கும் ஒரு படத்தைப் பார்ப்பார்கள். அந்த வரியைக் கேட்பவர் ஒருவர்தான்.